புதுத் தாள் யார் விருப்பப்படி திறக்கிறது?



நம் பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கல்வி உதவிக் கணக்கை ஆறு வருடமாக நான்தான் எழுதி வருகிறேன். இந்த வருடம் நான்கு பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம். எனக்கு வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால், யார் கையில் கொடுத்தாலும் கணக்கு நிற்காமல் நடக்கும்படி செய்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அப்போது செய்த ஒரு சின்ன வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினியில் கணக்கு வைக்கிற எல்லோருக்கும் இது உதவும்.

நான் பயன்படுத்துவது லிப்ரே ஆபீஸ் கால்க். இலவசமாகக் கிடைப்பது. அதில் புதுத் தாள் திறந்தால் எழுத்தின் அளவு, காகித அளவு எல்லாம் ஏற்கெனவே முடிவாகித்தான் வரும். அந்த முடிவை எடுத்தவர் யாரோ. இதைத்தான் 'டீஃபால்ட்' என்கிறார்கள். நாம் மாற்றவில்லை என்றால், அவர் விருப்பமே நம் விருப்பம் என்று ஆகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் மதிப்பெண் பதிவேட்டை நாங்களே கோடு போட்டுத் தயார் செய்வோம். லாங் சைஸ் நோட்டு, மர ஸ்கேல், சிவப்பு மை. ஜூன் மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து வருடம் முழுவதற்கும் கோடு போட்டுவிட்டால், பிறகு கவனமெல்லாம் பிள்ளைகளின் மார்க்கில்தான் இருக்கும். டெம்ப்ளேட் என்பதும் அந்தக் கோடு போட்ட நோட்டுதான்.

செய்முறை இதுதான். புதுத் தாளைத் திறந்து எஃப் 11 அழுத்துங்கள். ஸ்டைல் பட்டியல் வரும். அதில் 'டீஃபால்ட்' என்பதை ரைட் கிளிக் செய்து எழுத்துருவை மாற்றுங்கள். ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்குத் தனியாக ஓர் எழுத்துரு என்று இரண்டு இடம் இருக்கும். ஆங்கிலத்தில் மட்டும் அளவைக் கூட்டினால் தமிழ் எழுத்து பொடியாகவே நிற்கும். நான் இரண்டையும் 14 ஆக்கிக்கொண்டேன். பிறகு பேஜ் ஸ்டைலில் காகிதத்தை ஏ4 என்று வைத்து, அடியில் பக்க எண் வரும்படி செய்தேன்.

இனி ஃபைல், டெம்ப்ளேட்ஸ், 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்'. பெயர் கொடுத்து, கீழே 'செட் ஆஸ் டீஃபால்ட் டெம்ப்ளேட்' என்ற கட்டத்தில் டிக் போட்டுச் சேமியுங்கள். அடுத்த முறை கன்ட்ரோலும் என்னும் சேர்த்து அழுத்தினால் உங்கள் தாள்தான் வரும். பழைய ஃபைல்கள் மாறாது. எக்ஸெல் வைத்திருப்பவர்கள் 'புக்' என்ற பெயரில் டெம்ப்ளேட்டாகச் சேமித்து, 'எக்ஸ்எல் ஸ்டார்ட்' ஃபோல்டரில் போட வேண்டும்.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. வ.எண், தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு என்ற தலைப்புகளையும் டீஃபால்ட் தாளிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக்கூடாது. நாளைக்குக் கல்யாண அழைப்புப் பட்டியல் எழுதத் திறந்தாலும் வரவு செலவுதான் வந்து நிற்கும். அதனால் எல்லாத் தாளுக்கும் பொதுவான எழுத்து, காகிதம், பக்க எண் மட்டும் டீஃபால்ட்டில். கணக்குத் தலைப்புகளும் கூட்டல் சூத்திரங்களும் 'கல்வி உதவி' என்ற தனி டெம்ப்ளேட்டில். எந்தப் பிள்ளையின் பெயரையும் தொகையையும் இரண்டிலும் வைக்கவில்லை. நோட்டுக்குக் கோடு போடும்போது யாரும் மார்க்கையும் சேர்த்து எழுதி வைப்பதில்லையே!

தேதி விஷயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் இது. அதில் 05/06 என்று அடித்துப் பார்த்தேன். நமக்கு அது ஜூன் 5. அது மே 6 என்று எடுத்துக்கொண்டது. 13/06/2025 என்று அடித்தால் பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் வெறும் எழுத்தாக இடது ஓரத்தில் ஒதுக்கிவிட்டது. கட்டணம் கட்டக் கடைசி நாளை இப்படி ஒரு தாளை நம்பிக் குறித்தால், ஒரு பிள்ளையின் படிப்பல்லவா ஊசலாடும்! செல்லின் ஃபார்மேட்டில் தேதி காட்டும் விதத்தை மாற்றுவதை மட்டும் நம்ப வேண்டாம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பில் 'லோக்கேல்' என்ற இடத்தில் இங்கிலீஷ் (இந்தியா) என்று வையுங்கள். ஒவ்வொரு கணினியிலும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும். கணக்கை வாங்கிக்கொள்பவர் முதல் வேலையாக இதைப் பார்க்கட்டும்.

இப்போது டெம்ப்ளேட் தயார். ஆறு வருடக் கணக்கும் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. "டீச்சர்தான் பார்ப்பாங்க" என்று நீங்கள் இருந்துவிட்டால் அதுவும் ஒரு டீஃபால்ட்தான், யாரும் யோசித்து எடுத்த முடிவு இல்லை. மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் எனக்குத் தனியே ஒரு வரி எழுதுங்கள். முதல் மூன்று மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அடுத்த தவணைக் கட்டணம் வருவதற்குள் பெயர் முடிவாகிவிட்டால் நிம்மதி.