ஒட்டி வைத்த கோபுரமும் பிரித்து விற்ற தூணும்

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் அடுத்த தெரு மாதிரி. திருச்சியில் விமானம் ஏறினால் நாலு மணி நேரம், சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். போன முழுப்பரீட்சை லீவில் நாங்களும் கிளம்பினோம். அங்கிருக்கும் நாத்தனார் வீட்டில் தங்கிக்கொண்டு, ஒருநாள் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் லெகோலேண்டுக்குப் போய் வந்தோம். பிள்ளைகள் ஒரு வருஷமாக நச்சரித்த இடம்!

2012 செப்டம்பரில் திறந்த பூங்கா இது. ஆசியாவின் முதல் லெகோலேண்ட். ராட்டினம், ரோலர் கோஸ்டர் எல்லாம் உண்டு. ஆனால், பெரியவர்களையும் நிற்க வைப்பது நடுவில் இருக்கும் மினிலேண்ட்தான். ஆசியாவின் பெயர்பெற்ற கட்டடங்கள் எல்லாம் லெகோ கட்டைகளால் ஆனவை. மொத்தம் 3 கோடிக்கும் மேற்பட்ட கட்டைகளாம். ஒரு பக்கம் தாஜ்மஹால், இன்னொரு பக்கம் கம்போடியாவின் அங்கோர்வாட், சிங்கப்பூரின் சிங்கத்தலை மெர்லயன், பெய்ஜிங் அரண்மனை. பெரும்பாலும் இருபதில் ஒரு பங்கு அளவு. அதாவது, ஐந்தரை அடி ஆள் அங்கே மூன்றேகால் அங்குலம்தான் இருப்பார்!

எல்லாவற்றிலும் உயரம் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டைகள், ஏறக்குறைய 10 மீட்டர். நம் ஊரில் மூன்று மாடி வீட்டு உயரம்.

தச்சர் தந்த விளையாட்டு

லெகோவைத் தொடங்கியவர் ஒரு தச்சர். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூர்க்காரரான ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன், 1932-ல் மரப் பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958-ல். அந்த வருஷம் செய்த கட்டையும் நேற்றுக் கடையில் வாங்கிய கட்டையும் இன்றும் ஒன்றோடு ஒன்று 'டக்'கென்று பொருந்தும். எட்டுப் புள்ளி வைத்த ஒரே நிறக் கட்டைகள் ஆறே ஆறு இருந்தால் போதும், 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக அடுக்கலாம்.

ஒரு விஷயம்தான் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். மினிலேண்டில் எதையும் கழற்ற முடியாது. வெயிலும் மழையும் தாங்க வேண்டுமே! பெரிய மாடல்களுக்கு உள்ளே இரும்புச் சட்டம் வைத்து, கட்டைகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிரித்துப் பிரித்து விளையாடவே பிறந்த பொருளை, ஊர் பார்க்க வேண்டும் என்றதும் பிரிக்க முடியாமல் செய்துவிட்டார்கள்.

"அம்மா, ஆயா வீட்டை இப்படிச் செய்ய முடியுமா?" என்றாள் மகள். என் அம்மாவின் வீடு காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. முகப்பில் நுழைந்தால், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு பின்தெருவில் போய் முடிகிற வீடு. "செய்யலாம். ஆனா எத்தனை நாட்டுக் கட்டை வேணும் தெரியுமா?" என்றேன்.

நாலு திசையிலிருந்து வந்த வீடு

விளையாட்டுக்குச் சொன்னாலும் உண்மை அதுதான். செட்டிநாட்டு வீடுகளும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த துண்டுகளைக் கோத்துக் கட்டியவையே. தூணுக்கும் கதவுக்கும் பர்மா தேக்கு. தரைக்கு இத்தாலிப் பளிங்கு. சுவருக்கு ஜப்பான் பூ டைல்ஸ். பெல்ஜியம் கண்ணாடி. இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து இரும்பு. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலேறி வட்டித்தொழில் செய்த நகரத்தார் கொண்டுவந்து சேர்த்தவை. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் அவர்கள் தண்டாயுதபாணி கோயில் கட்டியது 1859-ல்!

உள்ளூர்ச் சரக்கும் குறைந்ததில்லை. ஆத்தங்குடி டைல்ஸ் செய்வதை ஒருமுறை நேரில் பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமென்ட் கரைசலைப் பூப்பூவாக ஊற்றி, உலர்ந்த கலவையைத் தூவி, மேலே சிமென்ட் சாந்தைப் பூசுகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே டைல்ஸில் இருக்கும். சூளை கிடையாது, தீ கிடையாது.

முனீஸ்வரன் கோயில் தெரு

இந்த வீடுகளின் இன்னொரு முகத்தைப் பார்க்க, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டும். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்குகள், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படங்கள். பின்கட்டில் சுவரோரம் சாய்த்து வைத்த தேக்குத் தூண்கள், சிற்பம் செதுக்கிய நிலைகள், கதவுகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து கழன்று வந்தது.

விற்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பர்மா தொழில் போனதும் வருமானம் போனது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், அவர்கள் இருப்பதோ பல ஊர்களில். ஓடு மாற்ற, காரை பூச யார் செலவழிப்பது என்று பேசி முடிப்பதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று விசேஷத்துக்குத் திறந்து, மறுபடி பூட்டுகிற வீடுகள்தான் அதிகம். பூட்டிய வீட்டில் மழைநீர் இறங்கினால் கேட்க ஆளில்லை.

லெகோ தாஜ்மஹால் பெட்டி ஒன்று 2008-ல் வந்தது, 5,922 துண்டுகள். விற்று முடிந்தபின், ரசிகர்கள் தேடுகிறார்கள் என்று 2017-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு இரண்டாம் பதிப்பு கிடையாது. ஒரு தூண் சென்னை ஹோட்டலுக்கும் அதன் ஜோடி வெளிநாட்டு வரவேற்பறைக்கும் போனபின் அந்த வளவை எதை வைத்துக் கோப்பது?

பிரித்த வீட்டை ஒழுங்காகத் திரும்பக் கட்டிய இடமும் ஒன்று இருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பார்க்கலாம். ஊரிலேயே வீட்டைக் காப்பாற்றியவர்களும் உண்டு. கானாடுகாத்தானில் 'விசாலம்', கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' இரண்டும் இப்போது விருந்தினர் தங்கும் விடுதிகள். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டன.

போகும்போது கவனிக்க

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு. ஒரு நாள் இருந்தால் ஆத்தங்குடி, கானாடுகாத்தான், காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு என்று சுற்றலாம். குடியிருக்கும் வீடுகளில் கேட்டுவிட்டு நுழையுங்கள். கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தாலே நேரம் போவது தெரியாது.

உங்களுக்கே அங்கு பூர்வீக வீடு இருந்தால், அடுத்த விசேஷத்துக்குப் போகும்போது பிள்ளைகளிடம் ஓர் அளவு டேப்பும் நோட்டும் கொடுங்கள். வளவில் எத்தனை தூண், எந்த அறை யாருடைய பங்கு, எந்தக் கதவுக்கு மேலே என்ன சிற்பம் என்று எழுதட்டும், ஃபோட்டோ எடுக்கட்டும். திரும்பி வந்து, கையில் இருக்கும் கட்டைகளை வைத்து அந்த வீட்டைக் கட்டிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் மகள் கட்டிக்கொண்டிருக்கிறாள். தூண் கணக்கில் சந்தேகம் வரும்போதெல்லாம் ஆயாவுக்குத்தான் போன் போகிறது. ஆயாவுக்கும் நினைவில்லாத இடத்தை, அடுத்த முறை போய் எண்ணிவிட்டு வர வேண்டும். வீடு இருக்கும்போதே எண்ணுவது நல்லது.