மதகடிப்பட்டிலிருந்து கோடியக்கரைக்கு

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் புதுச்சேரி மதகடிப்பட்டு மாட்டுச் சந்தைக்குப் போனேன். தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள். கன்றோடு ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவரிடம், "நல்ல மாடாத் தெரியுதே, ஏன் ஐயா விக்கிறீங்க?" என்றேன்.

"மேய்க்க எடம் ஏது தம்பி? பொறம்போக்கு பூரா வூடாயிடுச்சி. மிச்சம் இருக்கிறதுல வேலிகாத்தான். வைக்கல் விக்கிற வெலைக்குக் கட்டி வச்சிப் போட முடியுமா?"

பேச்சு அவருடைய தாத்தா காலத்துக்குப் போனது. வெக்கை நோய் வந்து ஒரே மாதத்தில் தொழுவம் காலியானதைச் சொன்னார்.

அந்த வெக்கை நம் ஊர்த் தொழுவங்களோடு நிற்கவில்லை. 1880களின் இறுதியில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் போன மாடுகளோடு அங்கும் கரையிறங்கியது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஊர் மாடுகளோடு காட்டெருமைகளும் வில்டபீஸ்ட் மான் மந்தைகளும் செத்து விழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்குள்ள செரெங்கெட்டிப் புல்வெளியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு, காட்டிலும் நோய் நின்றது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1970களின் இறுதியில் 13 லட்சத்தை எட்டியது. அத்தனை வாய்கள் மேய்ந்ததில் காய்ந்த புல் குறைந்தது; காட்டுத்தீயும் குறைந்தது; தீயில் கருகிவந்த இளமரங்கள் பிழைத்தன. ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு பெரும் புல்வெளியின் போக்கையே மாற்றிவிட்டது. 2011இல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

நோய் ஒழிந்துவிட்டது. புல்? அதைப் பார்க்கத்தான் கோடியக்கரைக்குக் கிளம்பினேன். கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டினால் காரைக்காலில் மறுபடி புதுச்சேரி மண். பிறகு நாகை, வேதாரண்யம், உப்பளங்கள். 1967இல் வெளிமானுக்காகவே அமைக்கப்பட்ட சரணாலயம் அதற்கப்பால் தொடங்குகிறது.

வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை நீட்டினார். உப்புக்காற்று வீசும் திறந்த தரையில் ஓர் ஆண் வெளிமான் நின்றது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. சற்றுத் தள்ளி மஞ்சட்பழுப்பில் பெண்மான்கள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வாசனை பட்டதும் ஒன்று துள்ளியது; அடுத்து எல்லாமே துள்ளின. இவற்றை விரட்டிப் பிடித்த சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. அந்தப் பழைய ஓட்டம் மட்டும் மான்களின் காலில் இன்னும் இருக்கிறது.

வெளிமானுக்குப் புதரில் ஒளியத் தெரியாது. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் கண்டு ஓடிப் பிழைக்கிற உயிர் அது. ஆண்மான் தன் எல்லையைப் புழுக்கைக் குவியலால் குறித்து, திறந்த வெளியில் நின்றுதான் துணையை ஈர்க்கிறது. அதனால் பார்வையை மறைக்கும் ஒவ்வொரு மரமும் அதன் வீட்டில் எழுப்பிய சுவர்.

கோடியக்கரையில் அந்தச் சுவரை எழுப்புவது சீமைக்கருவேலம், சந்தைப் பெரியவர் சொன்ன அதே வேலிகாத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம். கோடையில் புல் காய்ந்ததும் மான்கள் அதன் இனிப்பான நெற்றுகளைத் தின்கின்றன. விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுகிறது, மான்கள் கூடுகிற அதே வெட்டவெளியில். மழை பெய்ததும் முளைக்கிறது. தன்னைத் துரத்தப்போகும் மரத்தை மானே விதைக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் இந்த மரத்துக்கும் மானுக்குமான உறவைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, எவரோ எப்போதோ விட்டுப்போன வளர்ப்புக் குதிரைகளின் சந்ததி காட்டுக் குதிரைகளாகி, இருக்கிற புல்லுக்குப் போட்டி போடுகிறது.

புல்லின் வளர்முனை தரையை ஒட்டி இருக்கிறது. மேலே கடித்தாலும் கீழிருந்து தழைக்கும். அளவாக மேய்ந்தால் புல்வெளிக்குக் கேடில்லை. சாணமும் புழுக்கையும் மண்ணுக்கே திரும்புகின்றன. புல்லின் மேல் நிழல் விழுந்து மூடினால் அது அழிகிறது. ஆனாலும் மரம் நட்டால் புண்ணியம், வெறுந்தரை என்றால் வீண் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பு பல புல்வெளிகளைத் தரிசுக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. கிண்டி, வல்லநாடு, சத்தியமங்கலத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, கோடியக்கரை என்று விரல்விட்டு எண்ணும் இடங்களுக்குள் தமிழ்நாட்டு வெளிமான் ஒடுங்கியதில் இந்த எண்ணத்துக்கும் பங்குண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை மானைக் காக்கிறது. சரணாலயத்துக்கு வெளியே அது மேயும் புல்லைக் காக்க அப்படியொரு அட்டவணை இல்லை.

சீமைக்கருவேலத்தை அகற்ற 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அயல் தாவரங்களைக் கட்டுப்படுத்த 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. இவை நல்ல தொடக்கம். ஆனால் வெட்டிய இடத்தில் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க ஆண்டுதோறும் ஆளும் பணமும் வேண்டும். ஒரு முறை வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவது வேலைக்கு ஆகாது.

உங்கள் ஊர்க் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் மரக்கன்று நடப் புறப்படும் முன், அங்கே ஆடு மாடு ஓட்டுகிறவரைக் கேளுங்கள். என்ன புல் முளைக்கிறது, எந்த உயிர் வந்து போகிறது என்று அவர் சொல்வார். மரம் நட வீட்டோரமும் சாலையோரமும் இருக்கின்றன. புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவையுங்கள்.