கூகிளில் தளம் தெரியவில்லையா?

புதிதாக வலைத்தளம் தொடங்கும் பலரின் முதல் கவலை, "கூகிள்ல தேடினா நம்ம தளம் வரவே மாட்டேங்குதே!" என்பதுதான். உடனே, 'ஒரே வாரத்தில் முதலிடம்' என்பவரிடம் பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே சொல்கிறது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தேடல் பெட்டியில் 'சைட்:' என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்துத் தேட வேண்டும். பக்கங்கள் வந்தால் தளம் கூகிளிடம் இருக்கிறது. பின்வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். ஒன்றுமே வராவிட்டால் கதவே பூட்டியிருக்கலாம். வேர்ட்பிரஸில் 'ரீடிங்' அமைப்புகளில், தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. தளம் தயாராகும் வரை அதில் டிக் போட்டு வைப்பார்கள்; பிறகு எடுக்க மறந்து விடுவார்கள். டிக்கை எடுத்துவிட்டு, கூகிளின் சர்ச் கன்சோலில் பக்கத்தைச் சேர்க்கும்படி கேட்கலாம். அதுவும் இலவசம்தான்.

பின்வரிசைத் தளத்துக்கு வேறு வைத்தியம். எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்று ஒரே தலைப்பு இருந்தால் மாற்ற வேண்டும். 'பிளவுஸ் தையல், காரைக்குடி' என்று வைத்தால் தேடுபவருக்கும் புரியும், கூகிளுக்கும் புரியும். மெட்டா கீவேர்டில் சொற்களை அடுக்குவது வீண். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகிள் 2009-லேயே அறிவித்து விட்டது. காசுக்கு இணைப்பு வாங்குவது அதைவிட மோசம். 2012-ல் வந்த பென்குயின் மாற்றத்தில் அப்படிப்பட்ட தளங்கள் பல சரிந்தன.

பூட்டைத் திறக்காமல் விளம்பரப் பலகைக்குச் செலவழித்து என்ன பயன்?