சாய்ந்த இடம்

என்னைச் சுவர்க்கிறுக்கி என்று வீட்டில் கேலி செய்வார்கள். உண்மைதான். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் மிஞ்சிய சுவர்கள், காரைக்குடியில் பூச்சு உதிரும் மதில்கள் என்று பெரிய ஃபிலிம் கேமராவோடு 10 வருடமாக அலைகிறேன். 4-க்கு 5 அங்குலத் தாள் ஃபிலிம். ஒரு தாளுக்கு ஒரே படம். "இவ்வளவு கனத்தை நீங்களா தூக்குறீங்க மேடம்?" என்று கேட்காத ஊர் இல்லை. அரிசி மூட்டையைத் தூக்கும்போது யாரும் கேட்டதில்லை.

போன வருடம், கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டை விற்பதென்று அண்ணன்கள் முடிவு செய்தார்கள். பெயிண்டர் வருவதற்கு முதல்நாள் அம்மாவோடு போனேன். அடுப்படிச் சுவரில், உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், பழுப்பாக ஒரு வட்டம். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் அம்மா சாய்ந்து உட்காரும் இடம். 40 வருடத் தேங்காயெண்ணெய். பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள். சித்திரைக்குள் எண்ணெய் மேலே வந்துவிடும். "சுவத்தை நாசமாக்குறா" என்று அப்பா திட்டுவார். அவருடைய சாய்வு நாற்காலியிலும் தலை பட்ட கறை உண்டு. அதை யாரும் கறை என்று சொன்னதில்லை.

மேடுபள்ளமெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழும்பும். ஜன்னல் வெயில் சுவரை உரசும்வரை காத்திருந்தேன். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும், தேய்த்த கண்ணாடியில் எல்லாம் தலைகீழாக, இடவலம் மாறித் தெரிந்தது: அடுப்புக்கரி, வெடிப்பு, நீலம் கலந்த சுண்ணாம்பின் அடுக்குகள், ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை நரைமுடி. கேமராத் துருத்தியை நீட்டியதற்கும் சேர்த்து மீட்டர்க் கணக்கு 10 வினாடி. நேரம் நீள நீள ஃபிலிமின் உணர்திறன் குறையும். என்னுடைய இல்ஃபோர்ட் எச்பி5-க்கு 20 வினாடி கொடுக்கவேண்டும்.

எத்தனை சுவர்களை இப்படி எடுத்திருக்கிறேன்! அந்தச் சுவர்களில் சாய்ந்தது யார் என்று ஒருமுறைகூட விசாரித்ததில்லை. விசாரித்தால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறேன் போல.

"இந்த அசிங்கத்தைப் போயா எடுக்கறே? தள்ளு, துடைச்சுடறேன்." அம்மா முந்தானையோடு வந்துவிட்டாள். நான் பதில் சொல்லாமல் துணியைத் தூக்கிப் பிடித்தேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஏண்டி," துணிக்குள்ளிருந்து குரல் வந்தது, "ஒரு ஓரம் வெட்டுப்படுதே. முழுசா எடு."

கேமராவை அரையடி பின்னால் நகர்த்தினேன். கணக்கை முதலிலிருந்து மறுபடி போடவேண்டியிருந்தது.