24 ஆயிரத்துக்கு எத்தனை நிமிடம்?

எங்கட பக்கம் யாரும் 'சாரதிப் பயிற்சிப் பாடசாலைக்குப் போறன்' என்று சொல்வதில்லை. 'லேனர்ஸுக்குப் போறன்' என்றுதான் சொல்வார்கள். நாங்கள் மூன்று பேரும் போன வருசம் ஒன்றாகத்தான் லேனர்ஸுக்குப் போனோம். ஒன்றாகப் போனதற்குக் காரணம் மூன்று. தனியப் போக வீட்டில் விடமாட்டார்கள். சேர்ந்து போனால் விலை குறைப்பார்கள் என்று நினைத்தோம். மூன்றாவது காரணம், எங்களில் ஒருத்திக்கு லைசன்ஸ் உண்மையிலேயே அவசரமாகத் தேவைப்பட்டது.

அவள் கள உத்தியோகத்தர் வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். பட்டம் இருக்கு, சிங்களம் ஓரளவுக்கு இருக்கு. விளம்பரத்தின் கடைசி வரியில் 'செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இருத்தல் வேண்டும்' என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரிதான் எங்களை லேனர்ஸ் தேட வைத்தது.

ஓட்டோமட்டிக் காரில் பழகினால் கெதியாகப் பழகலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஓட்டோமட்டிக்கில் ட்ரயல் செய்தால் அதை மட்டும்தான் ஓடலாம் என்று லைசன்ஸில் விழும். வேலைக்குப் போகிற இடத்தில் என்ன வாகனம் தருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மனுவல் என்று முடிவெடுத்தோம்.

இரண்டு இடத்தில் விலை கேட்டோம். ஒரு இடத்தில் 38 ஆயிரம், பத்து மணித்தியாலம். மற்ற இடத்தில் 24 ஆயிரம், 15 நாள். மெடிக்கல், அரசாங்கக் கட்டணம் எல்லாம் இரண்டிலும் வேறை. எங்களுக்குச் சீட்டில் வந்த காசு கொஞ்சம், வீட்டில் வாங்கினது கொஞ்சம். 38ஐயும் 24ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? பத்து மணித்தியாலத்தை விட 15 நாள் கூடத்தானே என்றும் நினைத்தோம். காசைக் கட்டிவிட்டோம்.

எழுத்துப் பரீட்சை பிரச்சினை இல்லை. 40 கேள்வி, தமிழிலேயே எழுதலாம், படித்தால் பாஸ். லேனர்ஸ் பெர்மிற் கையில் வந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்துத்தான் ட்ரயலுக்குப் போகலாம். அந்த இடைவெளியில்தான் எங்கட 15 நாளும் வந்தது.

முதல் நாளே விசயம் விளங்கியிருக்க வேண்டும். ஒரு காரில் நாலு பேர். நாங்கள் மூன்று பேரும், கொக்குவிலில் இருந்து வந்த ஒரு தம்பியும். ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு பேரும் மாறி மாறி ஓட வேண்டும். இறங்கி ஏறுவது, சீற்றை இழுப்பது, கண்ணாடி சரிசெய்வது, அண்ணைக்குப் போன் வருவது எல்லாம் போக, ஒருத்தருக்கு 12 நிமிடம் கிடைத்தால் பெரிய விசயம். மிச்ச நேரம் பின் சீற்றில் இருந்து வெளியே பார்க்க வேண்டியதுதான். 'பாத்தும் பழகலாம் தானே' என்று அண்ணை சொல்லுவார்.

ஆனால் எங்களுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாளே றோட்டில் ஓடினோம். கார் குலுங்கவில்லை, நின்றுபோகவில்லை. வீட்டில் போய்ப் பெருமை அடித்தோம். அம்மா ஒருத்திக்கு அப்பவே போன் பண்ணிச் சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிவிட்டா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கியர் மாற்றும்போது அண்ணையின் கை எங்கட கைக்கு மேலே வந்து நிற்கும். பழக்குவதற்குத்தான் என்று முதலில் நினைத்தோம். மற்றத் தம்பி ஓடும்போது அந்தக் கை அப்படி வருவதில்லை என்று ஏழாம் நாள் பின் சீற்றில் இருந்து கண்டோம். கண்டும் ஒன்றும் சொல்லவில்லை. காசு கட்டியாச்சு, ட்ரயலுக்கு அவரின் கையில்தான் போக வேண்டும் என்ற பயம். வாய் திறக்காமல் இருந்ததை நினைத்தால் இப்பவும் எங்களுக்கு எங்கள் மேலேயே கோபம் வரும்.

பன்னிரண்டாம் நாள் அண்ணை கதையைத் தொடங்கினார். "பிள்ளையள், ஆளுக்கு ஒரு பத்து தந்தால் ட்ரயலைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. நான் பாத்துக்கொள்ளுறன்."

பத்து என்றால் பத்தாயிரம். அந்தக் காசு யாருக்குப் போகும், உண்மையில் போகுமா, இல்லை அவரின் பொக்கற்றோடு நிற்குமா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அன்று பின்னேரம் எங்களுக்குள் பெரிய சண்டை. இரண்டு பேர் வேண்டாம் என்றோம். வேலைக்கு விண்ணப்பித்தவள் கேட்டாள்: "உங்களுக்கு லைசன்ஸ் இல்லாட்டி என்ன, ஒண்டும் நடக்காது. எனக்கு வேலை போகும். ஓட்டம் பிறகு பழகலாம், லைசன்ஸ் பிறகு கிடைக்காது."

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவளுக்காகப் பத்தாயிரத்தை நாங்களே சேர்த்தும் விட்டோம். லஞ்சம் பிழை என்று மேடையில் பேசிய ஆட்கள்தான் நாங்கள்.

அடுத்த நாள் அந்தக் காசு அவளின் பையில் இருந்தது. அவள்தான் ஓடினாள். இணுவில் பக்கம் உள் வீதி ஒன்றில் காவலாளி இல்லாத ரயில் கடவை. மெதுவாக ஏறினாள். அந்த நேரம் அண்ணைக்குப் போன் வந்தது. அவர் பொக்கற்றில் இருந்து போனை எடுக்கத் திரும்பினார். கார் ஒரு குலுக்குக் குலுக்கித் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது.

அவள் திறப்பைத் திருப்பினாள். கார் துள்ளியது, திரும்ப நின்றது. இன்னொரு தரம். அதே துள்ளல். கிளச்சை அமத்த வேண்டும் என்று அவளின் காலுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் 13 நாளும் கிளச்சை அமத்தியது அவளின் கால் இல்லை. லேனர்ஸ் காரில் அவருடைய பக்கத்திலும் கிளச், பிரேக் இருக்கும். எங்கட கார் குலுங்காமல் ஓடியதன் ரகசியம் அதுதான். நாங்கள் பிடித்தது ஸ்ரியறிங் மட்டும்தான்.

அண்ணை சிரித்துக்கொண்டே தன் காலை வைத்தார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை, இப்ப ட்ரெயின் இல்லை." உண்மைதான், ட்ரெயின் வரவில்லை. கடவையைத் தாண்டியதும் அவள் காரை ஓரத்தில் நிப்பாட்டி இறங்கினாள். கை நடுங்கியது. பத்தாயிரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவளும் கதைக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை.

அன்று இரவுதான் கணக்குப் பார்த்தோம். 12 நிமிடப்படி 15 நாளென்றால் மூன்று மணித்தியாலம். 24 ஆயிரத்தை மூன்றால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 8,000 ரூபா. 38 ஆயிரம் கேட்ட இடத்தில் காரில் ஒரு ஆள்தான், பத்து மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 3,800. நாங்கள் மலிவு என்று போனது இரண்டு மடங்கு விலைக்கும் மேலே. அந்த மூன்று மணித்தியாலத்திலும் கிளச் எங்கட காலில் இருக்கவில்லை.

பிறகு அந்த இரண்டாவது இடத்துக்கே போனோம். முழுப் பக்கேஜுக்குக் காசில்லை என்று உண்மையைச் சொன்னோம். ஐந்து மணித்தியாலம் மட்டும் தந்தார்கள், 19 ஆயிரம். முன்னம் கட்டிய 24ஐயும் கூட்டினால் 43 ஆயிரம். முதலிலேயே அங்கே போயிருந்தால் ஐந்து மணித்தியாலம் கூடக் கிடைத்து, 5,000 ரூபா மிஞ்சியும் இருக்கும்.

அங்கே பழக்கியவர் பஸ் ஓடி ஓய்வுபெற்ற ஒரு ஐயா. முதல் நாள் றோட்டுக்கே விடவில்லை. வெறும் காணி ஒன்றில் முழு மணித்தியாலமும் கிளச்சை அமத்துவதும் விடுவதும்தான். எத்தனை தரம் நின்றது என்று எண்ண முடியாது. ஒவ்வொரு தரமும், "என்ரை கால் கீழைதான் இருக்கு பிள்ளை, பாருங்கோ" என்பார். ஸ்ரியறிங்கைத் தொட வேண்டி வந்தால், "தொடப்போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். இவ்வளவுதான் நாங்கள் முதலிலேயே எதிர்பார்த்திருக்க வேண்டியது.

முடிவு எல்லாம் நல்லபடி என்று சொல்ல முடியாது. அவள் ட்ரயல் திகதியைத் தள்ளிப்போட்டாள். நேர்முகத் தேர்வில் லைசன்ஸ் கேட்டார்கள், பெர்மிற்றைக் காட்டினாள். வேலை கிடைக்கவில்லை. அதற்காக அவள் எங்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் இரண்டு கிழமை எங்களோடு அவ்வளவாகக் கதைக்கவும் இல்லை. பிறகு ட்ரயலில் அவளும் இன்னொருத்தியும் பாஸ். மூன்றாமவள் பின்னுக்கு எடுக்கும்போது பிழைவிட்டு, இரண்டாம் தரம்தான் பாஸ்.

லேனர்ஸுக்குப் போகப்போற ஆக்களுக்கு, காசு கட்ட முதல் இதைக் கேளுங்கோ. ஒரு காரில் எத்தனை பேர்? என் கை ஸ்ரியறிங்கில் இருக்கப்போறது மொத்தம் எத்தனை நிமிடம்? ட்ரயல் அன்று காருக்கு வேறை காசா? பழக்கிறவர் சரியில்லாட்டி ஆளை மாற்றித் தருவீங்களா? ஒரே ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டி ஓடிப்பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா? கடைசிக் கேள்விக்கு ஓம் என்று சொல்லுகிற இடமென்றால் பாதிப் பயம் போச்சு. விலையைப் பிறகு நிமிடத்தால் பிரித்துப் பாருங்கோ. உங்களோடு படித்த ஆட்களிடம், பாஸ் பண்ணினீங்களா என்று கேட்காதேங்கோ. இப்ப ஓடுறீங்களா என்று கேளுங்கோ. லைசன்ஸை அலுமாரிக்குள் வைத்திருக்கிற ஆட்கள் எங்கட ஒழுங்கையிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று. கை தேவையில்லாமல் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கோ. 'காசு கட்டியாச்சு' என்பதற்காக நாங்கள் இருந்தது போல இருக்காதேங்கோ.

போன மாதம் அவளின் மாமாவின் காரில் அதே கடவையால் போனோம். அவள்தான் ஓடினாள். கடவைக்கு முன்னால் நிப்பாட்டி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, முதலாம் கியரில் தாண்டினாள். பின் சீற்றில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. தாண்டின பிறகு, "மூச்சு விடுங்கோடி" என்றாள்.