சர்வருக்கு ஊர் வழி மறந்து போன கதை

வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். முழுசாக நானே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் மானமாவது மிஞ்சும்.

மீமிசலில் மாமா பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார், ஜெராக்ஸும் உண்டு. மூலையில் ஒரு பழைய சிபியு. அதில் உபுண்டு சர்வர் போட்டது நான்தான். இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்றில் கடை கம்ப்யூட்டர்கள், இன்னொன்றில் வெளி லைன். போன மாதம் மாமா புது ஃபைபர் லைன் வாங்கினார். பழைய மோடம் 192.168.1.1, புதுசு 192.168.1.254. சர்வரின் டிஃபால்ட் கேட்வேயைப் புதுசுக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

டிஃபால்ட் கேட்வே தெரியாதவர்களுக்கு எங்க ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஊருக்குள் என்றால் நடந்தே போய்விடலாம். கோட்டைப்பட்டினம், தொண்டி என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் இருக்கு. மற்றபடி எந்த ஊர் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அறந்தாங்கி பஸ் ஏறு, அங்க போய்ப் பாத்துக்க." அந்த அறந்தாங்கி பஸ்தான் டிஃபால்ட் கேட்வே.

திருச்சி ஹாஸ்டலில் உட்கார்ந்து, பழைய லைன் வழியாக எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போனேன். 'ஐபி ரூட் டெல் டிஃபால்ட்' என்று அடித்தேன். அடுத்த வரியில் புதுசைச் சேர்ப்பதாகத் திட்டம். அடுத்த வரியே வரவில்லை! நான் அனுப்புவது சர்வருக்குப் போகிறது, பதில் அனுப்பத்தான் அதற்கு வழி இல்லை. அறந்தாங்கி பஸ்ஸை நானே நிறுத்திவிட்டேனே.

கடையிலும் நெட் போச்சு. மறுநாள் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மாமா திட்டவில்லை. "மாப்ள, பிள்ளைங்க நிக்குதுங்கடா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

புதுக்கோட்டை, அறந்தாங்கி, அப்புறம் மீமிசல். மூன்று பஸ். வழியில் போனில் சார்ஜ் வேறு போய்விட்டது. கடைக்குள் ஓடினால் எல்லாரும் அமைதியாக விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், வந்துருச்சு. உனக்குப் போன் போட்டா சுவிட்ச் ஆஃப்" என்றார் மாமா.

வாஸ்தவம்தான். ஐபி ரூட் கட்டளையில் செய்யும் மாற்றம் மெமரியோடு சரி. ரீபூட் ஆனால் நெட்பிளான் ஃபைலில் இருப்பதுதான் திரும்ப வரும். பாடத்தில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் ஞாபகம் வரவில்லை :-)

'டெல்'லுக்குப் பதில் 'ரீப்ளேஸ்' போட்டிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். பதில் புது லைன் வழியாகப் போவதால் என் எஸ்எஸ்ஹெச் எப்படியும் அறுந்திருக்கும், ஆனால் கடை ஓடியிருக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு ஃபைலைத் திறந்தேன். பழைய 'கேட்வே4' வரியை எடுத்துவிட்டு 'ரூட்ஸ்' என்று எழுதி, 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தேன். இதில் 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்பே திரும்பிவிடும். முதலில் கேட்வேக்குப் பிங், அப்புறம் 8.8.8.8, கடைசியில் பெயரை வைத்து ஒரு தளம். எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில், கேட்வேயில் இல்லை.

முதல் பிங்கே போகவில்லை. 254க்குப் பதில் 245 என்று அடித்திருக்கிறேன். என்டரைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 120 விநாடி கழித்துப் பழைய லைன் தானாகவே வந்தது.

இரண்டாம் தடவை சரியாக அடித்தேன். மாமா டீ வாங்கிக் கொடுத்தார். கூடவே, "ஹாஸ்டல்லேருந்து எதுவும் தொடாத" என்றும் சொன்னார்.