வியன்னாவிலிருந்து: எல்லா மகரந்தமும் எதிரி அல்ல

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகனின் முன்கையில் ஊசி குத்திப் பார்த்ததில் புல், பார்த்தீனியம், மரம் என மகரந்தச் சாறு வைத்த இடமெல்லாம் தடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். “இத்தனையும் ஆகாதென்றால் கெலவரப்பள்ளியில் பிள்ளையை எப்படி வளர்ப்பது?” என்ற உன் கேள்வி மனதை விட்டு அகலவில்லை. அதற்கான பதிலில் பாதி நான் பிழைக்க வந்த இந்த ஊரில் இருக்கிறது.

ஒவ்வாமை என்ற கருத்தை 1906இல் முன்வைத்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே வியன்னாவின் குழந்தை மருத்துவர். இந்த ஏப்ரலில் இங்கே பிர்ச் மரங்கள் பூத்திருக்கின்றன. காற்றில் எவ்வளவு மகரந்தம் என்பதை மழை, வெயில் நிலவரம் போலவே அன்றாடம் அறிவிக்கிறார்கள்.

மகரந்தத்துக்குள் போல்கால்சின் என்றொரு சிறு புரதம் உண்டு. இரண்டு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு அதற்கு. மகரந்தத் தூள் சூலகமுடியில் விழுந்து குழல் விட்டு வளரக் கால்சியம் தேவை. அதை ஒழுங்குபடுத்துவதில் இந்தப் புரதத்துக்குப் பங்கிருப்பதாகக் கருதுகிறார்கள். கிராட்ஸ், வியன்னா ஆய்வாளர்கள் 2002இல் திமோத்தி புல்லின் போல்கால்சினைப் படிகமாக்கி அதன் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். கால்சியம் சேர்ந்திருக்கும்போது புரதம் ஒரு வடிவில் மடிந்திருக்கிறது. ஒவ்வாமை உள்ளவரின் இரத்தத்திலுள்ள ஐஜிஇ எதிர்ப்பொருள் அந்த வடிவத்தைத்தான் அடையாளம் காண்கிறது. கால்சியத்தை நீக்கிவிட்டால் வடிவம் மாறி, எதிர்ப்பொருளின் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும்.

உன் கேள்விக்கான திறவுகோல் இங்கேதான். புல்லாகட்டும், மரமாகட்டும், களையாகட்டும், போல்கால்சின் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே சாயல். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளைப் போல. நம் ஊர் அருகம்புல்லின் போல்கால்சினால் ஒவ்வாமை தொடங்கிய ஒருவருக்கு, அவர் கண்ணாலும் காணாத பிர்ச், ஒலிவ மரங்களின் மகரந்தச் சாறு பட்டாலும் தோல் தடிக்கலாம். அப்படியானால் தடித்த ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி நோய் அல்ல. ஐரோப்பாவில் மகரந்த ஒவ்வாமை உள்ளோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவருக்கோதான் போல்கால்சின் ஒவ்வாமை இருக்கிறது. மருமகனுக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது. முழு மகரந்தச் சாற்றை விட்டு, அதிலுள்ள புரதங்களைத் தனித்தனியே வைத்துச் சோதிக்கும் இரத்தப் பரிசோதனை இப்போது இருக்கிறது. ஒவ்வாமை தணிக்கும் ஊசி மருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டு போட வேண்டியது. மூல காரணம் தெரியாமல் அதைத் தொடங்கினால் பிள்ளையின் காலமும் உங்கள் பணமும் வீணாகும்.

கால்சியம் என்றதும் அம்மா ராகிக் களியை நிறுத்திவிடப் போகிறார்! வேண்டாம். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அது எலும்புக்கு வலு. உண்ணும் கால்சியம் இந்தத் தும்மலைத் தூண்டுவதில்லை. போல்கால்சின் மகரந்தத்தில் மட்டுமே இருப்பதால் அதை முன்னிட்டுப் பழம், காய் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் எல்லோரும் தும்மலுக்குக் காரணமாகக் கெலவரப்பள்ளி அணையின் நுரையையும் ஆலைப் புகையையும் சொல்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. பெங்களூருக் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை நுரை பொங்க ஓடுவதை யாரும் பொறுக்கக் கூடாது. வாகனப் புகை மகரந்த ஒவ்வாமையை இன்னும் தீவிரமாக்கும் என்பதும் தெரிந்த உண்மை. ஆனால் தரிசிலும் ஆலைச் சுவர் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதன் மகரந்தம் மூக்கு ஒவ்வாமை தருவதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பா ராவ் குழுவினர் 1990களின் தொடக்கத்திலேயே எடுத்துக்காட்டினார்கள். அந்தச் செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டுகளை 1984இல் பெங்களூரில் விட்டும் அது இன்னும் ஒழியவில்லை.

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன். மருமகனுக்கு எந்த மாதம், எந்த நேரம், எங்கே போனால் தும்மலும் இளைப்பும் வருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வை. பரிசோதனை முடிவோடு அந்த நோட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மருத்துவருக்குத் தெளிவு கிடைக்கும். தனிப் புரதப் பரிசோதனை தேவையா என்று அவரிடம் கேள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்கக் கோரி ஊராட்சியில் மனு கொடுக்க மாப்பிள்ளையிடம் சொல்.

சண்டிகருக்கு அங்குள்ள ஆய்வாளர்கள் மகரந்த நாள்காட்டி தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள். இத்தனை ஆலைகளும் ரோஜாத் தோட்டங்களும் உள்ள நம் ஓசூர்ப் பகுதிக்கும் அது வேண்டும். எது, எப்போது காற்றில் பறக்கிறது என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் மாத்திரையை விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போவது சரியல்ல. அதை அரசிடம் கேட்பது நம் உரிமை. முதல் மனுவை நானே எழுதி அனுப்புகிறேன், நீங்கள் கையெழுத்துத் திரட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணன்